விளையாட்டு மென்பொருளும் வேண்டாத விருந்தாளிகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இச்சங்கத்தின் விழா மேடையிலே சமயம், ஒழுக்கம், மொழி, கல்வி என்னும் பொருள்கள் பற்றிப் பேசுவதே வழக்கம். அவ்வாறிருக்க, கணினி விளையாட்டை நிறுவும்பொழுது நேரும் இடையூறுகளைப் பற்றிப் பேச யாம் எழுந்ததைக் கண்டு பெரியோர் சிலர் புன்னகை புரிகின்றனர். இளைஞர்களோ, 'இவருக்கு இதில் என்ன தெரியும்?' என்று எண்ணுகின்றனர் போலும். எமக்குத் தெரிந்தது சிறிதே. ஆயினும் அச்சிறிதை யாம் ஒரு தவறு செய்து கற்றுக்கொண்டோம். அத்தவற்றினால் குற்றமற்ற பிள்ளையொருவன் எம்மிடம் ஏச்சு வாங்கினான். அக்கதையை முதலிற் கூறிவிடுவது நன்று.

எமது பெறாமகன் சதுரங்கத்தில் மிக்க ஆர்வமுடையவன். பாடசாலைகளுக்கிடையிலான போட்டி நெருங்கியபொழுது, வீட்டுக் கணினியில் ஒரு சதுரங்க மென்பொருளை அமைத்துத் தருமாறு எம்மைக் கேட்டான். ஸ்டொக்பிஷ் என்பது அதன் பெயர். தோர்ட் ரொம்ஸ்டாட் என்பவர் எழுதிய முந்திய நிரலொன்றை அடிப்படையாகக் கொண்டு, மார்க்கோ கொஸ்டல்பா என்பவர் 2008ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். இன்று உலக வீரர் எவரையும் வெல்லும் ஆற்றல் அதற்கு உண்டு. விலை யாதுமில்லை, அதன் மூல நிரலையும் எவரும் எடுத்துப் பார்க்கலாம். இத்தகைய நல்ல பொருளைப் பிள்ளை கேட்டால் மறுப்பார் யார்?

தரவிறக்கித் திறந்தோம். ஒரு கறுப்புச் சாளரம் தோன்றி உடனே மறைந்தது. மீண்டும் திறந்தோம், மீண்டும் மறைந்தது. பிள்ளை தனியார் வகுப்புக்குப் புறப்பட்டுப் போய்விட்டான். அவன் திரும்புவதற்கு முன் சரிசெய்து வைத்து அவனை மகிழ்விக்க வேண்டும் என்ற ஆசை எமக்கு உண்டாயிற்று. ஆசை அவசரத்தைக் கொண்டுவந்தது. பிழை யாதென்று ஆராயாமல், அதனைத் திருத்துவது எப்படி என்று இணையத்திலே தேடினோம். முன்வந்த பக்கங்களுள் ஒன்றில் பெரியதொரு பச்சைப் பொத்தான் இருந்தது. அழுத்தினோம். 'திருத்தும் கருவி' என்ற பெயருடன் ஏதோவொன்று இறங்கியது. அது கேட்ட கேள்விகளுக்கெல்லாம் 'அடுத்தது', 'ஏற்றுக்கொள்கிறேன்', 'அடுத்தது' என்று வாசியாமலே விடையளித்தோம். ஈற்றிற் சதுரங்கம் இயங்கவில்லை. களைத்துப்போய்க் கணினியை மூடிவிட்டோம்.

மூன்று நாள் கழிந்தது. வீட்டிலே மின்சாரக் கட்டணம் செலுத்துவதற்காகக் கணினியைத் திறந்தார்கள். இணைய உலாவியின் முகப்புப் பக்கம் மாறியிருந்தது. வங்கியின் பெயரைத் தேடினால் எங்கோ ஒரு விளம்பரப் பக்கம் வந்தது. 'உங்கள் கணினியில் நூற்றுக்கணக்கான பழுதுகள் உள்ளன, பணம் செலுத்துக' என்று ஒரு பெட்டி இடைவிடாது எழுந்தது. யாம் உடனே பிள்ளையைக் கூப்பிட்டு, விளையாட்டு விளையாட்டென்று வீட்டுக் கணினியைப் பாழாக்கிவிட்டாய் என்று கடிந்தோம். "பெரியப்பா, நான் ஒண்டும் செய்யேல்லை" என்று மாத்திரம் சொல்லித் தலைகுனிந்து நின்றான். யாம் நம்பவில்லை.

அன்றிரவு, நிறுவப்பட்ட மென்பொருள்களின் பட்டியலைத் திறந்து திகதி வரிசையில் அமைத்துப் பார்த்தோம். எமக்குத் தெரியாத மூன்று பெயர்கள் இருந்தன. மூன்றும் ஒரே திகதியில் வந்தவை. அவன் வகுப்புக்குப் போயிருந்த அந்த மாலைதான் அத்திகதி! கதவைத் திறந்துவிட்டவர் யாமே. மறுநாட் காலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். வயதில் மூத்தோர் இளையோரிடம் மன்னிப்புக் கேட்பது எளிதன்று. ஆயினும் அஃது அன்று செய்யவேண்டிய கடமையாயிருந்தது.

சதுரங்கத்தின் பழுது என்னவென்றும் கேட்பீர்கள். அது பழுதே அன்று. அம்மென்பொருளைத் தருவோர் வெவ்வேறு செயலிகளுக்கேற்ப வெவ்வேறு கோப்புகளை வைத்திருக்கின்றனர். யாம் எடுத்தது ஏ.வி.எக்ஸ்.2 என்னும் கட்டளைத் தொகுதியை அறிந்த செயலிகளுக்கு உரியது. இன்டெல் நிறுவனத்தின் செயலிகளில் அத்தொகுதி 2013ஆம் ஆண்டிலேதான் வந்தது. எமது கணினி அதற்கு முந்தியது. அறியாத கட்டளையைக் கேட்டதும் அது நின்றுவிட்டது. பழைய செயலிகளுக்கான கோப்பு அதே பக்கத்தில், அதே வரிசையில், சற்றுக் கீழே இருந்தது. அதனை எடுத்து வைக்க ஐந்து நிமிடமும் ஆகவில்லை. அந்த ஐந்து நிமிட நிதானம் முதல் நாளே இருந்திருப்பின் பிள்ளை அழுதிருக்க மாட்டான்.

அன்பர்களே, இக்கதையில் இரண்டு செய்திகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, இயங்காத மென்பொருளைச் சீர்செய்யும் முறை. மற்றொன்று, விளம்பரப் பொறிகள் வீட்டினுள் நுழையும் வழி. இவை வெவ்வேறு என்று பலர் நினைக்கின்றனர். எமது அனுபவம் அவ்வாறன்று. ஏதோவொன்று இயங்காமற் போய், மனம் பதறி, யாராவது கைகொடுக்க மாட்டார்களா என்று தேடும் அந்த நேரத்திற்காகவே அப்பொறிகள் காத்திருக்கின்றன. எனவே பழுதைக் கண்டு பதறாதவனே பொறியிலும் அகப்படாதவன். இன்று யாம் சொல்ல வந்தது இவ்வளவே. எஞ்சியவை அதன் விரிவு.

இத்தகைய விளம்பர மென்பொருள்களை எல்லாம் வைரசு என்று சொல்லிவிட முடியாது. வைரசு என்பது கேளாமல் நுழைவது. இதுவோ கேட்டு நுழைகின்றது. நாம் கேள்வியை வாசிப்பதில்லை என்பதை அறிந்துகொண்டு கேட்கின்றது. நம் சம்மதத்தை நம் கையாலேயே பெற்றுக்கொள்கின்றது. பின்னர் வழக்குரைக்க நமக்கு வாயில்லை.

இதனால் இலாபம் யாருக்கு? பிறருடைய மென்பொருளைத் தம் பொதியிற் சேர்த்து ஒரு கணினியில் நிறுவச் செய்தால், நிறுவலுக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கும் வணிகம் ஒன்று உண்டு. கூகிள் நிறுவனத்தினரும் நியூயோர்க் பல்கலைக்கழகத்தினரும் இதனை ஆராய்ந்து 2016ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நாட்டுக்கு நாடு வேறுபட்டு, ஒரு நிறுவலுக்கு 10 அமெரிக்கச் சதம் முதல் ஒன்றரை டொலர் வரை கொடுக்கப்பட்டதாக அவர்கள் கண்டனர். அக்காலத்தில் இத்தகைய தரவிறக்கங்களைப் பற்றிக் கூகிளின் பாதுகாப்புச் சேவை வாரந்தோறும் 6 கோடிக்கு மேற்பட்ட எச்சரிக்கைகளை விடுத்து வந்தது. இலவசம் என்று நாம் மகிழ்ந்து வாங்கும் பொருளுக்கு, நம் கணினியே விலையாகப் போகின்றது.

'நல்ல பெயர் பெற்ற தளத்தில் எடுத்தால் அச்சமில்லை' என்பர் சிலர். பெரும்பாலும் அது சரியே. ஆயினும் பெயரை மாத்திரம் நம்பியிருத்தல் ஆகாது. சோர்ஸ்போர்ஜ் என்பது 1999ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பெருங் களஞ்சியம். பழைய விளையாட்டுகளை இன்றைய கணினியில் இயக்க உதவும் டொஸ்பொக்ஸ் முதலிய எத்தனையோ நன்மென்பொருள்கள் அங்கிருந்தே மக்களைச் சென்றடைந்தன. 2013ஆம் ஆண்டில் அத்தளத்தார், ஆக்கியோரின் இசைவோடு, பிறருடைய மென்பொருள்களை நிறுவியிற் சேர்த்துத் தரும் திட்டமொன்றைத் தொடங்கினர். கிம்ப் என்னும் சித்திர மென்பொருளை ஆக்கியோர் அவ்வாண்டு நவம்பரில் அங்கிருந்து விலகினர். 2015 மே மாதத்தில், கைவிடப்பட்ட பக்கம் என்று காரணங் கூறி, அதே கிம்ப் மென்பொருளைத் தளத்தாரே விளம்பரப் பொதியோடு வழங்கியது வெளிப்பட்டுப் பெரும் கண்டனம் எழுந்தது. 2016ஆம் ஆண்டில் தளம் கைமாறியது. புதிய உரிமையாளர் அத்திட்டத்தை அடியோடு நிறுத்திவிட்டனர். நல்ல இடம் கெடுவதும், கெட்ட இடம் திருந்துவதும் உலகத்தில் உண்டு. ஆகையால் ஒவ்வொரு முறையும் கண் திறந்திருத்தல் வேண்டும்.

விளையாட்டு உலகத்திலும் உதாரணங்கள் உள. 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஈ.எஸ்.ஈ.ஏ. என்னும் போட்டி விளையாட்டுச் சேவையின் மென்பொருளுக்குள், பயனாளரின் கணினியைக் கொண்டு இரகசியமாகப் பிட்கொயின் ஈட்டும் நிரல் புகுத்தப்பட்டிருந்தது. சுமார் 14,000 கணினிகள் இவ்வாறு பயன்படுத்தப்பட்டன என்று நியூ ஜேர்சி மாநில அரசு கூறியது. 2023 ஜூன் மாதத்தில், மைன்கிராப்ட் விளையாட்டுக்கு அன்பர்கள் ஆக்கும் துணைத் தொகுப்புகள் சிலவற்றில் பிரக்சரைசர் என்னும் தீநிரல் புகுந்து, கடவுச்சொற்களைத் திருட முற்பட்டது. அவை பெயர்பெற்ற களஞ்சியத்திலே இருந்தவையே. முதலாவது உள்ளிருந்தவரால் விளைந்தது; இரண்டாவது வெளியிலிருந்து வந்தது.

இனி, நிறுவும்பொழுது கைக்கொள்ளவேண்டியவற்றைச் சொல்லுவோம்.

முதலாவது, ஆக்கியோரின் சொந்தத் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும். தேடுபொறியின் மேல்வரிசையில் வருவது பலவேளைகளிற் பணங் கொடுத்து இடப்பட்ட விளம்பரம். ஒரே பக்கத்தில் 'தரவிறக்குக' என்னும் பொத்தான்கள் நான்கு இருந்தால், மிகப் பெரியதும் மிகப் பளபளப்பானதும் விளம்பரமாயிருத்தல் கூடும். உண்மையானது பெரும்பாலும் அடக்கமாக ஓர் ஓரத்தில் இருக்கும்.

இரண்டாவது, இறங்கிய கோப்பைத் திறக்குமுன் அதன் பெயரையும் அளவையும் பாருங்கள். பெரிய விளையாட்டொன்றைக் கேட்க, மிகச் சிறிய கோப்பொன்று வந்தால், அது விளையாட்டன்று. வேறொருவர் அனுப்பிய தூதனாயிருக்கலாம். கோப்பின் பண்புகளில் எண்ணிமக் கையொப்பம் என்னும் பகுதி இருந்தால், ஒப்பமிட்டவர் பெயர் ஆக்கியோர் பெயர்தானா என்று பாருங்கள். அன்பர்கள் இலவசமாக ஆக்கும் மென்பொருள்களுக்குக் கையொப்பம் இல்லாதிருப்பதும் உண்டு. அப்பொழுது ஆக்கியோர் தம் தளத்தில் வெளியிடும் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிடலாம். அது கோப்பின் கைரேகை போன்றது; ஓரெழுத்து மாறினாலும் கைரேகை முற்றிலும் மாறிவிடும். அதனைக் கணிக்கும் வசதி விண்டோஸிலேயே உண்டு.

மூன்றாவது, நிறுவி 'பரிந்துரைக்கப்பட்ட முறை', 'விருப்பப்படி நிறுவும் முறை' என்று இரண்டைக் காட்டினால், விருப்பப்படி நிறுவும் முறையையே தெரிவு செய்யுங்கள். விரைவு வழியில் மறைந்து கிடக்கும் அடையாளக் குறிகள் அப்பொழுதுதான் கண்ணுக்குத் தெரியும். நாம் இடாமலே இடப்பட்டிருக்கும் குறிகளை நீக்க வேண்டும். 'ஏற்றுக்கொள்கிறேன்' என்ற பொத்தான் நாம் கேட்ட மென்பொருளுக்கா, இடையிலே புகுந்த மற்றொன்றுக்கா என்று மேலே உள்ள பெயரை வாசியுங்கள். 'மறுக்கிறேன்' என்ற சொல், இயங்காததுபோல மங்கிய நிறத்தில் இருக்கும். அதனை அழுத்தினாலும் நம் விளையாட்டு நிறுவப்படுவதே வழக்கம். எல்லாவற்றையும் ஏற்றாலொழிய நிறுவ முடியாது என்றால், மூடிவிட்டு எழுந்து போவதே மேல்.

நான்காவது, விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் பாதுகாப்புப் பகுதியில், தேவையற்றவையாகக் கருதப்படும் செயலிகளைத் தடுக்கும் ஏற்பாடு இருக்கின்றது. அஃது இயங்குகின்றதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 'எமது விளையாட்டை நிறுவுமுன் உங்கள் காவல் மென்பொருளை நிறுத்திவிடுக' என்று எந்தத் தளமாவது சொன்னால், காவல்நாயைக் கட்டிவைத்துவிட்டுக் கதவைத் திற என்று சொல்லும் விருந்தாளியை நினைத்துக்கொள்ளுங்கள்.

நிற்க. இவ்வளவும் செய்தபின்னும் விளையாட்டு இயங்காமற் போகலாம். அப்பொழுது என் செய்வது? நம்மூர் வைத்தியர் நாடி பிடித்துப் பாராமல் குளிகை கொடுப்பதில்லை. அம்முறையே இங்கும் வேண்டும்.

பிழைச்செய்தி தோன்றினால் உடனே மூடாதீர்கள். அதனை ஒரு கொப்பியில் எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொள்ளுங்கள். 'ஏதோ வந்தது, மூடிவிட்டேன்' என்பவனுக்கு எந்த நிபுணராலும் உதவ முடியாது. அடுத்து, நேற்று இயங்கியது இன்று இயங்கவில்லையென்றால், இடையில் மாறியது யாதென்று கேளுங்கள். முதலிலிருந்தே இயங்கவில்லையென்றால், விளையாட்டுக் கேட்கும் தகுதி கணினிக்கு உண்டா என்று பாருங்கள். செயலி, நினைவகம், வரைகலை அட்டை, விண்டோஸ் பதிப்பு ஆகிய நான்கையும் ஒப்பிட்டாற் பாதி ஐயம் தீரும். பின்னர் ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மாத்திரம் செய்யுங்கள். ஒரேயடியாக ஐந்தை மாற்றினால், பழுது தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்பது தெரியாது.

இளைஞர்கள் பெரிதும் சந்திக்கும் பிழை, இன்ன டி.எல்.எல். கோப்பைக் காணவில்லை என்பது. வி.சி.ரன்டைம்140 என்பதும் டி3டி.எக்ஸ்9_43 என்பதும் அவற்றுட் பெயர்பெற்றவை. உடனே அக்கோப்பின் பெயரைத் தேடி, அதனைத் தனியே தரும் தளத்திலிருந்து எடுக்க முற்படுவர். பொறி விரித்திருக்கும் இடங்களுள் இதுவே முதன்மையானது. அக்கோப்புகள் தனித்துப் பிறந்தவை அல்ல. மைக்ரோசொப்ட் நிறுவனம் இலவசமாக வழங்கும் தொகுப்புகளின் உறுப்புகள். முன்னையது விஷுவல் சி++ இயக்கத் தொகுப்பில் உள்ளது. பின்னையது 2010 ஜூன் மாதத்து டிரெக்ட் எக்ஸ் தொகுப்பில் உள்ளது. இரண்டையும் அந்நிறுவனத்தின் தளத்திலேயே பெறலாம். இன்னுமொன்று: கணினி 64 பிட் ஆயினும், விளையாட்டு 32 பிட் ஆயின், அதற்கு வேண்டியது 32 பிட் தொகுப்பே. இதனை அறியாமல், 'நிறுவினேன், பயனில்லை' என்று சோர்ந்து, பின்னர் தவறான தளத்தை நாடுவோர் பலர்.

படம் கலங்கினால் அல்லது திரை கறுத்தால், வரைகலை அட்டையின் இயக்கியைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். என்விடியா, ஏ.எம்.டி., இன்டெல் ஆகிய ஆக்கியோரிடமோ கணினியைச் செய்த நிறுவனத்திடமோ அதனைப் பெறுங்கள். எல்லா இயக்கிகளையும் தாமே புதுப்பிப்பதாக விளம்பரஞ் செய்யும் கருவிகளை நம்ப வேண்டா. ஸ்டீம் போன்ற சேவையில் வாங்கிய விளையாட்டாயின், கோப்புகள் முழுமையாயுள்ளனவா என்று சரிபார்க்கும் வசதி அதிலேயே உண்டு. வேறெதையும் நாடுமுன் அதனை ஒருமுறை செய்துபாருங்கள்.

வேண்டாத விருந்தாளி ஏற்கெனவே வந்துவிட்டால் அஞ்சற்க. நிறுவப்பட்டவற்றைத் திகதி வரிசையிற் பார்த்து, அறியாதவற்றை நீக்குங்கள். உலாவியின் நீட்சிகளையும், அறிவித்தல் அனுமதிகளையும், முகப்புப் பக்கத்தையும், தேடுபொறியையும் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் அது குடியிருக்கும். பின்னர் விண்டோஸின் காவல் மென்பொருளால் முழுச் சோதனை செய்யுங்கள். மல்வெயர்பைட்ஸ் நிறுவனத்தின் அட்கிளீனர் என்னும் இலவசக் கருவியும் இதற்கு உதவும். அதனையும் அந்நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வங்கிக் கணக்கும் மின்னஞ்சலும் அக்கணினியிற் பயன்படுத்தப்பட்டிருந்தால், வேறொரு தூய கணினியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றிவிடுங்கள்.

இளைஞர்காள், உங்களுக்கு ஒரு வார்த்தை. பூட்டுடைத்த கள்ளப் பிரதிகளை நாடாதீர்கள். அது பிறருடைய உழைப்பைக் களவாடுவது என்பது ஒருபுறமிருக்க, பூட்டை உடைத்தவன் உங்கள்மேற் கொண்ட அன்பினால் அதனை உடைக்கவில்லை. நேர்மையாக இலவசமாய்க் கிடைக்கும் விளையாட்டுகள் எத்தனையோ உள. சதுரங்கத்துக்கு ஸ்டொக்பிஷ் இருக்கின்றது. போர்வியூக விளையாட்டை விரும்புவோருக்கு 2003ஆம் ஆண்டு முதல் வெஸ்நோத் இருக்கின்றது. பழைய கதை விளையாட்டுகளை இயக்க ஸ்கம்.வி.எம். இருக்கின்றது. மானத்தோடு விளையாட வழியிருக்கும்பொழுது களவு எதற்கு?

பெரியோர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கணினி பழுதானால் முதலில் பிள்ளையை நோக்கி விரல் நீட்டாதீர்கள். ஏச்சுக்கு அஞ்சும் பிள்ளை, உண்மையிலேயே தவறு நேர்ந்த நாளிலும் அதனை மறைத்துவிடுவான். மறைத்த பழுது வளரும். 'என்ன நடந்தது? சேர்ந்து பார்ப்போம்' என்று சொல்லும் வீட்டிலே பழுதும் விரைவில் தீரும். பிள்ளையும் பொய் சொல்லப் பழகமாட்டான்.

ஈற்றில் ஒரு வேண்டுகோள். நமது சங்க வாசிகசாலைக் கணினியின் அருகில் ஒரு கொப்பி வைக்கப்படுதல் வேண்டும். எதை நிறுவினோம், எந்நாள், எங்கிருந்து எடுத்தோம், நிறுவியவர் யார் என்ற நான்கையும் ஒவ்வொரு முறையும் அதில் எழுதுவோம். அதனை எழுதும் அரை நிமிடமே நம் அவசரத்துக்குப் போடும் கடிவாளம். எமது வீட்டில் அவ்வாறு ஒரு கொப்பி இப்பொழுது உண்டு. அதன் முதற் பக்கத்தில், அந்த மாலைத் திகதியையும் எமது பெயரையும் யாமே எழுதி வைத்திருக்கின்றோம். எம் பெறாமகன் அதனைக் காணுந்தோறும் சிரிக்கின்றான். சிரிக்கட்டும், அவன் சிரிப்பதற்கு உரிமையுடையவன்.